பொம்மிடி வந்தாச்சா? டவர் சொன்ன ஊர்ப்பெயர்களின் கதை

(எபிசோடின் ஒலிவடிவிலிருந்து சுருக்கித் தொகுத்தது)

இன்னைக்கு எபிசோடை ஒரு ராத்திரி ரயிலில் இருந்து ஆரம்பிக்கலாம்.

வருஷம் 2006-ன்னு வச்சுக்குவோம். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பையன் சொந்த ஊரான பொம்மிடிக்குப் போறான். பொம்மிடி எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: தருமபுரி மாவட்டம், சேர்வராயன் மலை அடிவாரம். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகும் ரயில் பாதையில் மொரப்பூரைத் தாண்டினால் வரும். அதுக்கப்புறம் லோகூர், டேனிஷ்பேட்டை, சேலம். சின்ன ஸ்டேஷன். வண்டி நின்றாலும் ரொம்ப நேரம் நிற்காது. வெளியே இருட்டு. பெயர்ப்பலகை நம்ம ஜன்னலுக்கு நேரா வந்து நிற்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. கண் அசந்துட்டா சேலத்தில்தான் முழிப்பு வரும்.

அவன் கையில் ஒரு நோக்கியா பட்டன் போன். அதில் மேப் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது, இன்டர்நெட்டும் கிடையாது. ஆனால் திரையில் நெட்வொர்க் பெயருக்குக் கீழே ஒரு வரி மட்டும் மாறிக்கிட்டே வரும். திருப்பத்தூர். சாமல்பட்டி. மொரப்பூர். ஆங்கில எழுத்தில், பல நேரம் தப்புத் தப்பான ஸ்பெல்லிங்கில். பொம்மிடி என்று வந்ததும் பையைத் தூக்கிக்கிட்டு கதவுப் பக்கம் போயிடலாம்.

அந்தக் காலத்தில் போன் வச்சிருந்த உங்க அண்ணன், அக்கா, மாமா யாரையாவது கேட்டுப் பாருங்க. "செல் இன்ஃபோ டிஸ்ப்ளே"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஆன் பண்ணி, சேனல் 050 போடணும்னு சொல்லுவாங்க. நம்ம மக்கள் பரவலா பயன்படுத்திய முதல் 'லொக்கேஷன் சர்வீஸ்' இதுதான் என்று சொல்லலாம். காசு கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. அதைவிட முக்கியமா, அந்தப் பையன் எந்த ஊர் சிம் வச்சிருந்தாலும் அது வேலை செய்யும்.

ரோமிங்கில் இருக்கும் ஒரு போன், தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. ஆனால் அதே போன் எங்கே இருக்கிறது என்று மற்றவர்கள் தெரிந்துகொள்வது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஏன் அப்படி? அதுதான் இன்னைக்கு கதை.

மூன்று ராஜ்ஜியங்கள், ஒரே ரயில்

முதலில் அந்த ரயில் பாதையைப் பார்ப்போம். பெங்களூரிலிருந்து பங்காருப்பேட்டை வழியாக ஜோலார்பேட்டை வரும் பாதை அது. நடுவில் குப்பம் வரும். குப்பம் ஆந்திரா. ஆக, பொம்மிடி வந்து சேர்வதற்குள் அந்தப் பையன் கர்நாடகா, ஆந்திரா, தமிழ்நாடு என்று மூன்று மாநிலங்களைத் தொட்டுவிடுகிறான்.

ரயிலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. போனுக்கு அப்படி இல்லை. 1994-ல் தேசிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தபோது, இந்தியாவை 'சர்க்கிள்' என்று துண்டு துண்டாகப் பிரித்துத்தான் செல்போன் லைசென்ஸ் கொடுத்தார்கள். ஒவ்வொரு சர்க்கிளுக்கும் முதலில் இரண்டு தனியார் கம்பெனிகள். ஆரம்பத்தில் தமிழ்நாட்டில் ஏர்செல், பிபிஎல். ஆந்திராவில் டாடா செல்லுலார், ஜேடி மொபைல். கர்நாடகாவில் ஸ்பைஸ், அங்கேயும் ஜேடி மொபைல். ஒரு சர்க்கிள் எல்லையைத் தாண்டினால் அடுத்த ராஜ்ஜியம் மாதிரி. வேறு கம்பெனி, வேறு கட்டணம்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கு. சென்னை ஒரு தனி சர்க்கிள்! தமிழ்நாட்டின் தலைநகரம் தமிழ்நாடு சர்க்கிளில் கிடையாது. சென்னை டெலிபோன்ஸ் பகுதி, கூடவே மறைமலைநகர், மீஞ்சூர், மாமல்லபுரம் எக்ஸ்சேஞ்சுகள், அவ்வளவுதான் லைசென்ஸில் சென்னை. ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் என்று அங்கே ஆரம்பித்த கம்பெனிகளும் வேறு. சென்னை சிம்மோட ஒருத்தர் பொம்மிடிக்கு வந்தா, சொந்த மாநிலத்துக்குள்ளேயே அவர் ரோமிங்கில் இருந்தார். 2005-ல்தான் சென்னைக்கும் மீதித் தமிழ்நாட்டுக்கும் இடையிலான அழைப்பை ஒரே பகுதிக்குள் பேசுகிற அழைப்பாகக் கணக்கிட்டார்கள்.

சரி, ராஜ்ஜியம் மாறும்போது போனுக்குள் என்ன நடக்குது?

வீட்டு ரிஜிஸ்டரும் விருந்தாளி ரிஜிஸ்டரும்

ஜிஎஸ்எம் என்கிற தொழில்நுட்பம் ஐரோப்பாவில் உருவானது. முதல் ஜிஎஸ்எம் அழைப்பு 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில். அடுத்த வருஷமே பின்லாந்தின் டெலிகாம் கம்பெனிக்கும் பிரிட்டனின் வோடஃபோனுக்கும் இடையே முதல் ரோமிங் ஒப்பந்தம் போட்டார்கள். சின்னச் சின்ன நாடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஐரோப்பாவுக்கு ரோமிங் என்பது அடிப்படைத் தேவை. ஆகவே அதை அஸ்திவாரத்திலேயே வைத்தார்கள்.

ஏற்பாடு இதுதான். உங்க சொந்த நெட்வொர்க்கில் ஒரு பெரிய ரிஜிஸ்டர் இருக்கும். அதன் பெயர் எச்.எல்.ஆர். வீட்டு ரிஜிஸ்டர்னு வச்சுக்கலாம். நீங்க விருந்தாளியாகப் போகும் நெட்வொர்க்கில் வி.எல்.ஆர். என்று இன்னொன்று. இது லாட்ஜ் ரிஜிஸ்டர் மாதிரி. ரயில் ஜோலார்பேட்டையை நெருங்கும்போது போன் ஒரு தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கிறது. "நான் இந்த நம்பர், கர்நாடகாக்காரன்" என்று சொல்கிறது. இங்கே இருக்கும் லாட்ஜ் ரிஜிஸ்டர் உடனே கர்நாடகா வீட்டு ரிஜிஸ்டரைக் கேட்கிறது: "இவர் உங்க ஆள்தானா? உள்ளே விடலாமா?" வீடு "ஆமாம்" என்று சொல்லிவிட்டு ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறது. என்ன குறிப்பு? இவர் இப்போது தமிழ்நாட்டில் இந்த எக்ஸ்சேஞ்சின் பொறுப்பில் இருக்கிறார் என்பது மட்டும்.

இதுதான் கதையின் திருப்பம். கவனிங்க. வீட்டுக்கு எக்ஸ்சேஞ்ச்தான் தெரியும். டவர் தெரியாது. பொம்மிடியா, மொரப்பூரா, திருப்பத்தூரா, எதுவும் தெரியாது. பையன் ஊர் விட்டு ஊர் போயிருக்கான்னு அம்மாவுக்குத் தெரியும், ஆனா எந்தத் தெருவில் நிற்கிறான்னு லாட்ஜ்காரருக்குத்தான் தெரியும்.

ஃபோன் பேச இது போதும். யாராவது அவனைக் கூப்பிட்டால் அழைப்பு முதலில் கர்நாடகாவுக்குப் போகும். வீட்டு ரிஜிஸ்டர் தமிழ்நாட்டு எக்ஸ்சேஞ்சிடம் ஒரு தற்காலிக நம்பர் வாங்கி, அழைப்பை இங்கே திருப்பி விடும். பொம்மிடியிலிருந்து அப்பா கூப்பிட்டால்கூட, பொம்மிடி ஸ்டேஷனில் நிற்கும் மகனுக்கு அந்த அழைப்பு கர்நாடகா போய்த்தான் திரும்பி வரும். ரோமிங்கில் இன்கமிங்குக்குக் காசு பிடிச்சதுக்குக் காரணம் இந்தச் சுற்றுதான். அந்த இரண்டாவது பயணத்தின் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டினார்கள்.

ஆனால் அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிப்பதற்கு இது போதாது.

கண்டுபிடிக்கிறதுன்னா என்ன?

1996-ல் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு உத்தரவு போட்டது. செல்போனிலிருந்து 911-க்கு யாராவது கூப்பிட்டால், அவர் இருக்கும் இடமும் கூடவே போய்ச் சேரணும். லேண்ட்லைன்ல இந்தப் பிரச்சினை இல்லை. நம்பர் இருந்தால் விலாசம் இருக்கும். செல்போன் வந்த பிறகு, உதவி கேட்கும் ஆள் எங்கே என்றே தெரியாத நிலைமை. அந்த உத்தரவுதான் உலகம் முழுக்க இந்த ஆராய்ச்சியை முடுக்கிவிட்டது.

டவரின் அடையாள எண்ணை வைத்து இடத்தைக் கணிப்பது முதல் வழி. நகரத்தில் இது ஓரளவு சரிவரும், அங்கே தெருவுக்குத் தெரு டவர். பொம்மிடி மாதிரி இடத்தில்? ஒரு ஜிஎஸ்எம் டவரின் எல்லை அதிகபட்சம் 35 கிலோமீட்டர் வரை போகலாம். டவருக்கும் போனுக்கும் உள்ள தூரத்தை ஜிஎஸ்எம் ஒரு படிக்கு சுமார் 550 மீட்டர் என்ற கணக்கில் அளக்கும். அதாவது, டவரிலிருந்து இத்தனை தூரத்தில் இருக்கிறார் என்று தெரியும், எந்தத் திசையில் என்பது சரியாகத் தெரியாது. லோகூர் பக்கம் மலையும் காடும். அங்கே அரை கிலோமீட்டர் தப்பு என்பது சின்னத் தப்பு இல்லை.

இரண்டாவது வழி ஜிபிஎஸ். ஆனால் செயற்கைக்கோள்கள் தங்கள் பாதை விவரத்தை வினாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் அனுப்புகின்றன. முழுப் பட்டியலையும் வாங்கி முடிக்க பன்னிரண்டரை நிமிஷம் ஆகும். அதற்காகத்தான் 'ஏ-ஜிபிஎஸ்' வந்தது. அந்த விவரங்களை செல்போன் நெட்வொர்க் முன்கூட்டியே போனுக்குக் கொடுத்துவிடும். போன் சட்டென்று இடத்தைக் கணக்கிட்டுவிடும்.

இங்கேதான் ரோமிங் குறுக்கே வந்து நிற்கிறது. ஏ-ஜிபிஎஸ் உதவி தரும் சர்வர் உங்க வீட்டு நெட்வொர்க்கில் இருக்கிறது. எந்த வானத்துக்குக் கீழே நிற்கிறீங்கன்னு தோராயமா தெரிஞ்சாத்தான் அதால் சரியான செயற்கைக்கோள் விவரத்தைத் தர முடியும். போன் "நான் இந்த எண் டவர்ல இருக்கேன்" என்று சொல்லும். ஆனால் அந்த எண் தமிழ்நாட்டுக் கம்பெனியின் டவர். அந்த எண்ணுக்கு எந்த ஊர் என்ற பட்டியல் கர்நாடகா சர்வரிடம் இருக்காது. கம்பெனிகள் டவர் பட்டியலைத் தொழில் ரகசியமாகவே வைத்திருந்தன.

ஆகவே, வீட்டு சர்வர் விருந்து நெட்வொர்க்கின் சர்வரிடம் கேட்கணும்: "இந்த டவர் எங்கே இருக்கு?" இதற்காகவே 2000-களில் பெரிய பெரிய விதிமுறைகள் எழுதினார்கள். 'சப்ல்' என்று ஒரு நெறிமுறை, அதில் வீட்டு சர்வர், விருந்து சர்வர் என்று இரண்டு பாத்திரங்கள், இரண்டும் எப்படிப் பேசிக்கொள்ளணும் என்று பக்கம் பக்கமாக வரையறை. காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு ஜோடிக் கம்பெனியும் தனியாக ஒப்பந்தம் போடணும், காசு யாருக்கு என்று பேசணும், வாடிக்கையாளர் சம்மதத்தை யார் சரிபார்ப்பது என்று முடிவு பண்ணணும். அழைப்பைத் திருப்பி விடுவதில் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று வருமானம் இருந்தது. இன்னொரு கம்பெனியின் வாடிக்கையாளருக்கு இடம் சொல்லிக் கொடுப்பதில் என்ன லாபம்?

கதவைச் சுற்றி வந்தவர்கள்

2007 நவம்பரில் கூகுள் தன் மேப்பில் 'மை லொக்கேஷன்' என்று ஒரு வசதி கொண்டுவந்தது. ஜிபிஎஸ் இல்லாத போனிலும் வேலை செய்யும். எப்படி? ஜிபிஎஸ் இருக்கும் போன்கள் போகிற இடமெல்லாம், "இந்த இடத்தில் இந்த டவர் எண் கேட்குது" என்று கூகுளுக்குச் சொல்லும். கோடிக்கணக்கான பேர் சொல்லச் சொல்ல, உலகத்து டவர்களின் பட்டியல் கூகுள் கைக்கு வந்துவிட்டது. எந்தக் கம்பெனியிடமும் அனுமதி கேட்கவில்லை, எந்த ஒப்பந்தமும் போடவில்லை. கர்நாடகா சிம்மா, ஆந்திரா டவரா, அதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

யோசிச்சுப் பாருங்க, அடிப்படையில் இது பழைய சேனல் 050 மாதிரிதான். டவர் தன் அடையாளத்தை எல்லாருக்கும் சத்தம் போட்டுச் சொல்லிக்கிட்டே இருக்கு. கேட்கிற போன் அதை வச்சு தன் இடத்தைப் புரிஞ்சுக்குது. நடுவில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவேண்டியதில்லை.

இதை ரயிலுக்குக் கொண்டுவந்தது 'வேர் இஸ் மை டிரெயின்' ஆப். நம்மில் பாதிப் பேர் போனில் இருக்கும். பெங்களூரின் சிக்மாய்ட் லேப்ஸ் உருவாக்கியது, 2018 டிசம்பரில் கூகுள் வாங்கியது. இன்டர்நெட் இல்லாமல், ஜிபிஎஸ் இல்லாமல், டவர் அடையாளத்தை மட்டும் வைத்து வண்டி எங்கே என்று அது சொல்லும். 2006-ல் நோக்கியா திரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த பையனும், இன்னைக்கு அந்த ஆப்பைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற நீங்களும் செய்வது ஒரே காரியம்.

கேட்கக் கூடாதவர்கள் கேட்டபோது

இதுவரைக்கும் நல்ல கதை. இப்ப கொஞ்சம் பயப்பட வேண்டிய பகுதி.

வீட்டு ரிஜிஸ்டரும் விருந்தாளி ரிஜிஸ்டரும் பேசிக்கொள்வதாகச் சொன்னேன் இல்லையா? அந்தப் பேச்சு நடக்கும் பாதையின் பெயர் எஸ்.எஸ்.7. அரசாங்கங்களும் சில பெரிய கம்பெனிகளும் மட்டுமே டெலிபோன் நடத்திய காலத்தில் வடிவமைத்தது. உள்ளே இருக்கிறவங்க எல்லாரும் நல்லவங்க என்ற நம்பிக்கையில் கட்டியது. "இந்த நம்பர் இப்ப எங்கே?" என்று உள்ளேயிருந்து யார் கேட்டாலும் பதில் வரும்.

2008-ல் ஜெர்மனியின் கேயாஸ் கணினி மாநாட்டில் டோபியாஸ் எங்கல் என்ற ஆய்வாளர் இதை மேடையிலேயே விளக்கினார். ஒரு போன் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு, உலகத்தின் இன்னொரு மூலையில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று அறியலாம். 2014-ல் மறுபடி அதே மாநாட்டில், டவர் அளவுக்கே நெருங்கிப் போக முடியும் என்று காட்டினார். ரோமிங்குக்காகத் திறந்து வைத்த ஜன்னல் வழியாக வேவு பார்க்கலாம் என்பது அதன் அர்த்தம்.

ஆக, கம்பெனிகள் ஒருவருக்கொருவர் இடம் சொல்லிக்கொள்வது கஷ்டமாக இருந்தது என்று நாம் குறைப்பட்டுக்கொள்வதற்கு முன், அது சுலபமாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசிக்கணும். நம்ம இடம் தெரியவேண்டியவர்களுக்குத் தெரியணும், தெரியக் கூடாதவர்களுக்குத் தெரியக் கூடாது. இந்த இரண்டும் ஒரே கம்பி வழியாகத்தான் போகுது.

"பக்கத்துல என்ன இருக்கு?"

தெரியவேண்டியவர்களில் முதல் ஆள் ஆம்புலன்ஸ். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. கூப்பிட்டவங்களுக்குத் தெரியும், முதல் கேள்விகள் எப்படி இருக்கும்னு. எந்த ஊர், எந்த ரோடு, பக்கத்துல கோயில் இருக்கா, பெட்ரோல் பங்க் இருக்கா? உள்ளூர்க்காரர் சொல்லிவிடுவார். வெளியூர்க்காரர்? பெங்களூரிலிருந்து ஏற்காடு கிளம்பிய பைக் குழு ஒன்று பொம்மிடி பக்கம் இரவில் விபத்தில் சிக்கினால்? அவங்க சிம்மும் வெளியூர், அவங்களும் வெளியூர். இடம் சொல்லத் தெரியாதவர்தான் பெரும்பாலும் ரோமிங்கில் இருப்பவர். அதாவது, இந்த வசதி யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்குத்தான் அதைக் கொடுப்பது அதிகக் கஷ்டம்.

அரசு முயற்சி செய்யாமல் இல்லை. 2016 ஏப்ரலில் ஒரு விதி வந்தது. 2017 ஜனவரி 1 முதல் எல்லா போனிலும் அவசர பட்டன் இருக்கணும். சாதா போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால், ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை தட்டினால் அழைப்பு போகணும். 2018 முதல் ஜிபிஎஸ் இருக்கணும் என்றும் அந்த விதி சொன்னது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் சேர்த்து 112 என்ற ஒரே எண் 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்குப் பரவியது.

அதற்குள் 'ரோமிங்' என்ற சொல்லே நம்ம பேச்சிலிருந்து மறைய ஆரம்பித்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ ரோமிங் கட்டணம் இல்லாமலேயே வந்தது. ஏர்செல் 2018-ல் திவாலானது. சர்க்கிள் எல்லைகள் பில்லிலிருந்து மறைந்துவிட்டன. உள்ளே ரிஜிஸ்டர்கள் மட்டும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன.

டவர் மறுபடி பேசுது

கடைசியா, அந்தப் பழைய சேனல் 050-க்குத் திரும்பலாம். அதன் பின்னால் இருந்த தொழில்நுட்பம் 'செல் பிராட்காஸ்ட்'. ஒரு டவரின் கீழே இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி. ஒரு பக்கத்துக்கு 93 எழுத்து. யார் யார் கேட்கிறார்கள் என்று டவருக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஸ்மார்ட்போன் வந்ததும் நம்ம ஊரில் இதை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

ஜப்பான் மறக்கவில்லை. 2007-லேயே நிலநடுக்க எச்சரிக்கைக்கு அதைப் பயன்படுத்த ஆரம்பித்தது. 2023-ல் இந்தியாவும் அதைச் சோதித்தது. அந்த வருஷம் அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் போன்கள் எல்லாம் திடீர்னு அலறினது ஞாபகம் இருக்கா? ஆபீஸ்ல, பஸ்ஸில எல்லாரும் பதறிப்போய் போனைப் பார்த்தோமே, அதுதான். எழுதினவர் யாரோ, ஆனால் பேசினது டவர்.

இது ஏன் முக்கியம்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர், அரூரில் சுமார் 33. இரண்டும் நம்ம பையனின் பாதைக்குப் பக்கத்து ஊர்கள். சாமல்பட்டி ஸ்டேஷன் ஊத்தங்கரைப் பக்கம்தான், பொம்மிடிக்கு அரூர் தூரமில்லை. இப்படி ஒரு ராத்திரியில், நம்பர் பட்டியல் வைத்து எஸ்எம்எஸ் அனுப்பினால் அது தருமபுரியில் வாங்கிய சிம்களுக்குப் போகும். அந்த சிம்களில் எத்தனையோ பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்கும். கர்நாடகா சிம்மோட ஊருக்கு வந்திருப்பவருக்கு அது போகாது. டவர் வழியா அனுப்பினால், அந்த மழைக்குக் கீழே நிற்கும் எல்லாருக்கும் போகும். அது யார் சிம், எந்த ஊர், பில் கட்டினாரா என்ற கேள்வியே வராது.

முப்பது வருஷக் கதையில் நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். இடம் சொல்வதில் இரண்டு திசை இருக்கு. டவர் நமக்குச் சொல்வது ஒன்று. அது எல்லையைச் சுலபமாகத் தாண்டியது, ஏன்னா அதுக்கு நாம யாருன்னு தெரியவேண்டியதில்லை. நம்மைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்வது இன்னொன்று. அது ஒவ்வொரு எல்லையிலும் நின்றது. அங்கே நிற்பதில் பாதி, காசுக்காக நின்ற வீண் தாமதம். மீதிப் பாதி, "உனக்கு ஏன் இவர் இடம் தெரியணும்?" என்று கேட்டாகவேண்டிய நியாயமான கேள்வி. அடுத்த தடவை ஒரு ஆப் உங்ககிட்ட லொக்கேஷன் கேட்கும்போது, அது இந்த இரண்டில் எந்தத் திசைன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

உங்க வீட்டில் பழைய பட்டன் போன் ஏதாவது இருந்தால், சார்ஜ் போட்டு அந்த மெனுவைத் தேடிப் பாருங்க. அந்த ஆப்ஷன் இன்னும் அங்கேயே இருக்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.